பிரின்ஸ் ஆஃப் பெர்சியா வரிசையை முடித்த அன்றே மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடுகிறேன்: இந்த ஈர்ப்பு எதனால்?

கேள்வி – மணற்குறுவாள்

அனைவருக்கும் வணக்கம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கணினி விளையாட்டு வரிசையை ஒருமுறை விளையாடி முடித்தால் சில மாதங்களுக்கு அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காமல் இருந்தவள்தான் நான். சென்ற ஆண்டிலிருந்து அப்படி இருக்க முடியவில்லை. 1989இல் வந்த முதல் விளையாட்டு, 1993இல் வந்த ‘தி ஷேடோ அண்ட் தி ஃபிளேம்’, பிறகு யூபிசாஃப்ட் மாண்ட்ரியால் 2003, 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வெளியிட்ட மூன்று பாகங்கள் என ஐந்தையும் இதே வரிசையில் விளையாடுகிறேன். ஐந்தாவது முடிந்ததும் அடுத்த அரைமணி நேரத்துக்குள் மறுபடியும் அந்த முதல் நிலவறையில் போய் நிற்கிறேன். 1999இல் வந்த முப்பரிமாணப் பாகத்தை மட்டும் தாண்டிவிடுவேன், அதன் கேமராவோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

இதைப் பழைய நினைவுகளின் ஏக்கம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. நான் முதன்முதலில் விளையாடியது 2003இல் வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’. ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் II கணினிக்காக எழுதிய முதல் விளையாட்டை, வேலைக்குச் சேர்ந்து சொந்தமாக மடிக்கணினி வாங்கிய பிறகுதான் பார்த்தேன். என் குழந்தைப் பருவத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை; ஆனாலும் ஐந்தில் என்னை அதிகமாகப் பிடித்து ஆட்டுவது அதுதான். அலுவலகத்தின் நீண்ட நடைபாதையில் போகும்போது தரையிலுள்ள சதுரக் கற்களைக் கண் தானாக அளக்கிறது. இந்தக் கல்லிலிருந்து ஓடித் தாண்டினால் எந்தக் கல்லில் கால் ஊன்றும் என்று மனம் கணக்குப் போடுகிறது. தள்ளுபடியில் வாங்கிய புதிய விளையாட்டுகள் நிறுவப்படாமலேயே கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்தால், எந்தப் பொத்தான் எதற்கு என்று கற்றுத்தரும் முதல் பத்து நிமிடத்திலேயே எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

என் கேள்விகள் இவைதான். முடிவு தெரிந்த, புதிர்கள் தெரிந்த, காவலன் எந்த மூலையில் நிற்கிறான் என்பதுகூடத் தெரிந்த ஒரு விளையாட்டில் திரும்பத் திரும்ப இழுப்பது எது? இது இந்த வரிசைக்கே உரிய குணமா, அல்லது வேறு எதில் சிக்கியிருந்தாலும் நான் இப்படித்தான் இருந்திருப்பேனா? இதே சுழலில் இருந்தவர்கள் யாரேனும் இருந்தால், நிறுத்தினீர்களா, அல்லது விளையாடும் முறையை மாற்றிக்கொண்டீர்களா என்பதையும் எழுதுங்கள்.

பதில் – பழைய ஃபிளாப்பி

சகோதரி, வணக்கம். தொண்ணூறுகளின் நடுவில், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தைக் கற்றுத்தந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், பாடம் முடிந்து ஆசிரியர் வெளியே போனதும் நாங்கள் தட்டச்சு செய்த முதல் கட்டளை இந்த விளையாட்டின் பெயராகத்தான் இருக்கும். அந்த ஏக்கம் எனக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்கு அதைவிட உறுதியான விடை விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் விளையாட்டில் எத்தனை முறை செத்தாலும் கேட்பாரில்லை. அந்த லெவலின் தொடக்கத்திலிருந்து மறுபடியும் ஓடலாம். செலவாகும் ஒரே பொருள் நேரம். பன்னிரண்டு லெவல்களுக்கும் சேர்த்து அறுபது நிமிடம், அதுவும் நம் கைக்கடிகாரத்தில் ஓடும் அதே அறுபது நிமிடம். மூன்றாவது லெவலை எட்டிய பிறகுதான் சேமிக்க முடியும். அப்படிச் சேமித்து வைத்தாலும் வீணடித்த நிமிடங்கள் வீணானவைதான். பத்தாவது லெவலில் ஏழு நிமிடத்தை வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு, கடைசி எதிரியான ஜாஃபரை எட்ட முடியாது என்பதைத் திரையின் அடியில் தெரியும் அந்த ஒற்றை வரியே சொல்லிவிடும். அவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: முதல் லெவலுக்குத் திரும்பிப்போய், அங்கே அரை நிமிடம், நான்காவதில் ஒரு நிமிடம் என்று மிச்சம் பிடித்துக்கொண்டு வரவேண்டும். ஆகவே திரும்ப விளையாடுவது என்பது இந்த விளையாட்டுக்கு வெளியே, அதை முடித்த பிறகு செய்யும் காரியம் அல்ல. அதை ஒருமுறை முடிப்பதற்கே நூறு முறை திரும்ப விளையாடியாக வேண்டும் என்றுதான் அதைக் கட்டியிருக்கிறார்கள். முடித்த பிறகும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போவதில்லை.

இரண்டாவது காரணம் இளவரசனின் உடல். மெக்னர் தம்முடைய தம்பி டேவிட்டை ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோவில் படம் பிடித்து, அதை ஒவ்வொரு சட்டகமாக (ஃபிரேம்) வரைந்தெடுத்துத்தான் இளவரசனுக்கு நடை கொடுத்தார்; வாள்வீச்சுக்கு 1938ஆம் ஆண்டின் ராபின் ஹூட் திரைப்படத்தின் சண்டைக் காட்சி உதவியது. இதன் விளைவு கண்ணுக்கு அழகு என்பதோடு நிற்கவில்லை. அதே காலத்து மற்ற விளையாட்டுகளில் பொத்தானை அழுத்திய நொடியில் உருவம் எகிறும். இங்கே ஓடுகிறவன் நிற்க இரண்டடி சறுக்குவான், திரும்புவதற்கு ஒரு கணம் எடுப்பான், குதிக்கச் சொன்னால் காலை ஊன்றி எழும்பித்தான் குதிப்பான். ஒரு மாடி உயரம் விழுந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு மாடி என்றால் ஓர் உயிர்ப்புள்ளி போகும், மூன்று மாடி என்றால் உடல் நொறுங்கும். பள்ளத்தின் விளிம்பில் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு ஓரடி ஓரடியாக நகர்ந்து, ஆடுகிற தளக்கல் எது, அசையாதது எது என்று பார்க்கும் பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டால், நீங்கள் நடைபாதைக் கற்களை அளப்பதில் எனக்கு வியப்பில்லை.

எங்கள் ஊர்த் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஒரே பத்தியைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அடிப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு கட்டத்துக்குப் பிறகு யாருக்கும் பொருட்டல்ல, விரல் தடுக்காமல் ஓடுகிறதா என்பதுதான் பொருட்டு. முதல் விளையாட்டில் உங்களுக்கு நேர்வதும் அதுவே என்று எனக்குப் படுகிறது. புதிய விளையாட்டின் முதல் பத்து நிமிடம் உங்களுக்குக் கசப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஓடத் தெரிந்த விரல்கள் அங்கே மறுபடியும் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கிறது.

பதில் – ஃபாராவின் வில்

பழைய ஃபிளாப்பி ஐயா சொல்வது 1989ஆம் ஆண்டின் விளையாட்டுக்குப் பொருந்தும். ஆனால் மணற்குறுவாள் ஐந்தையும் அல்லவா சுற்றி வருகிறார்? 2003க்குப் பிந்தைய மூன்றில் அறுபது நிமிடக் கெடு கிடையாது. சொல்லப்போனால் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ முதல் விளையாட்டின் விதியையே தலைகீழாக்கியது. பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கும்போதே குறுவாளில் மணல் இருந்தால் காலத்தைப் பின்னுக்கு இழுத்து, கால் தவறிய இடத்துக்கே திரும்பலாம். அங்கே தவறுக்குத் தண்டனை பத்து விநாடிதான்.

அப்படியிருந்தும் அது ஏன் திரும்ப இழுக்கிறது என்றால், அந்தக் கதையே திரும்பச் சொல்லப்படும் கதையாக இருக்கிறது. விளையாட்டு முழுவதும் இளவரசன் ஃபாரா என்ற இளவரசியிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நாம் செத்தால், இல்லையில்லை, அப்படி நடக்கவில்லை என்று அவன் தன் பேச்சைத் திருத்திக்கொள்கிறான். சேமித்தால், அடுத்த முறை கதையை இந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன் என்கிறான். மணல் சுழலும் தூண்களுக்குள் போய் நின்றால், இனி வரப்போகும் காட்சிகள் கண்முன் சிதறலாக வந்து போகின்றன. முதல் முறை விளையாடும்போது அந்தச் சிதறல்கள் ஒன்றும் புரியாது. இரண்டாம் முறையிலிருந்து, ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்துகொண்டே பார்க்கிறோம். அதாவது கதை சொல்லும் இளவரசனுக்குத் தெரிந்த அளவு நமக்கும் தெரிந்துவிடுகிறது. அந்த விளையாட்டை முதல் முறை விளையாடியவரைவிட மறுமுறை விளையாடுகிறவர்தான் அதைச் சரியான இடத்தில் அமர்ந்து கேட்கிறார் என்பேன்.

மூன்றாம் பாகமான ‘தி டூ த்ரோன்ஸ்’ முடிகிற இடத்தையும் நினைத்துப் பாருங்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு, என் பெயர் உனக்கு எப்படித் தெரியும், நீ உண்மையில் யார் என்று ஃபாரா கேட்க, அவன் விடையாக 2003ஆம் ஆண்டின் விளையாட்டு எந்தச் சொற்களோடு தொடங்கியதோ அதே சொற்களோடு கதையைத் தொடங்குகிறான், திரை இருள்கிறது. அந்த இடத்தில் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களைத்தான் நான் ஆச்சரியத்தோடு பார்க்கிறேன். நீங்கள் 2003க்குப் போகாமல் நேரே 1989க்குப் போய்விடுகிறீர்கள் என்பது மட்டும்தான் இதில் சற்றே விசித்திரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் விளையாட்டின் நான்காவது லெவலில், வாசலுக்குப் போகும் வழியில் ஒரு கண்ணாடி தோன்றும். ஓடிவந்து அதற்குள் குதித்தால் இளவரசனின் நிழல் பிரிந்து மறுபுறமாக ஓடிவிடும். ஐந்தாவதில் நமக்கு வேண்டிய குப்பியை அந்த நிழல் குடித்துவிடும், ஆறாவதில் நாம் தாண்டும் நேரம் பார்த்துக் கதவை மூடிக் கீழே தள்ளிவிடும். பன்னிரண்டாவதில் அதோடு வாள் வீசினால் அதற்குப் படும் காயமெல்லாம் நமக்கும் படும். வாளை உறையில் போட்டால் அதுவும் உறையில் போட்டுக்கொள்ளும். இருவரும் எதிரெதிரே ஓடி ஒன்றாகிவிட வேண்டும். பதினாறு ஆண்டுகள் கழித்து, ‘தி டூ த்ரோன்ஸ்’ இறுதியில் இளவரசனின் இருண்ட மறுபாதியைத் தாக்கிக்கொண்டே இருந்தால் தீராது, சண்டையை விட்டுவிட்டு நடந்துபோக வேண்டும். ஐந்தையும் வரிசையாக விளையாடுகிறவருக்கு மட்டுமே இந்த எதிரொலி காதில் விழும். ஆகவே உங்கள் வரிசை முறை வெறும் பழக்கம் அல்ல என்பது என் எண்ணம்.

2004இன் ‘வாரியர் விதின்’ மட்டும் எனக்கு ஒவ்வாதது. தகாகா என்ற பூதம் துரத்தும் இடங்கள் அருமை, தீவின் ஒரே மண்டபத்தை நிகழ்காலத்திலும் கடந்தகாலத்திலும் பார்ப்பது அதைவிட அருமை; ஆனால் பாரசீக அரண்மனைக் கதையில் உறுமும் ராக் பாட்டை யார் கேட்டார்கள்?

பதில் – கொல்லிமலைக் காற்று

மேலே இரண்டு நீண்ட பதில்களும் நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் இரண்டுமே ஒரு பழக்கத்துக்குக் கௌரவமான காரணம் தேடித் தருகின்றன. புதிதாக ஒன்றில் தோற்பதற்கு மனம் தயங்குகிறது, ஏற்கெனவே வென்றதில் மறுபடியும் வெல்ல விரும்புகிறது. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. இது அடிமைத்தனம்தான். கோப்புகளை அழித்துவிட்டு ஒரு மாதம் இருந்து பாருங்கள்.

பதில் – ஏழாவது வார்டு

மனநலப் பிரிவில் செவிலியராக இருப்பதால் ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு 2022 சனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. விளையாட்டுச் சீர்குலைவு என்பது அதில் இடம்பெற்றிருக்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைமீறிப் போவது, வாழ்க்கையின் மற்ற ஈடுபாடுகளையும் அன்றாடக் கடமைகளையும் பின்னுக்குத் தள்ளும் அளவுக்கு விளையாட்டு முன்னே வந்துவிடுவது, கேடு விளைகிறது என்று தெரிந்தும் தொடர்வது அல்லது கூட்டுவது ஆகிய மூன்றையும் அது கேட்கிறது. அதோடு குடும்பத்திலோ வேலையிலோ படிப்பிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு இருக்க வேண்டும், பொதுவாக இது பன்னிரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஒரே விளையாட்டைத் திரும்ப விளையாடுகிறாரா, புதிது புதிதாக விளையாடுகிறாரா என்பது அந்த வரையறையில் எங்குமே வரவில்லை. எனவே, கொல்லிமலைக் காற்று அவர்களே, எழுதியதை வைத்து யாருக்கும் நாம் நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம்.

மணற்குறுவாள் அவர்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. அந்த அரைமணி நேரத்துக்குள் மறுபடியும் தொடங்குகிறேன் என்றீர்களே, அப்போது மணி என்ன? மறுநாள் வேலைநாளா? அந்த நேரத்தில் வீட்டில் யாராவது உங்களோடு பேசக் காத்திருந்தார்களா? இவற்றுக்கான விடைகள் உங்களுக்குச் சங்கடமாக இல்லாவிட்டால், பன்னிரண்டு லெவல்களையும் இன்னும் பல்லாண்டு விளையாடிக்கொண்டிருங்கள்.

பதில் – மணற்குறுவாள்

அனைவருக்கும் நன்றி. முதலில் செவிலியர் அவர்களுக்கு: மணி பெரும்பாலும் பதினொன்றைத் தாண்டியிருக்கும், மறுநாள் பெரும்பாலும் வேலைநாளாகத்தான் இருக்கும். வேலையில் யாரும் குறை சொல்லவில்லை; வீட்டில் என் கணவர் பன்னிரண்டாவது லெவலில் காலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத தரை முளைக்கும் இடத்தைப் பார்ப்பதற்காக வந்து உட்காருவார், மற்றபடி அவருக்கு இதில் நாட்டமில்லை. தூக்கம் குறைந்திருக்கிறது என்பது உண்மை. முதல் விளையாட்டை முடிக்க அரைமணிக்குச் சற்று அதிகமாக ஆகிறது என்பதால், அது எப்போதும் சின்ன வேலையைப் போலவே தோன்றி ஏமாற்றுகிறது.

கொல்லிமலைக் காற்று அவர்கள் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை, ஆனால் அது முழுவதும் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. வெல்வது உறுதி என்பதற்காக நான் விளையாடியிருந்தால், மூன்றாவது லெவலில் எழுந்து நிற்கும் எலும்புக்கூட்டோடு இன்றுவரை கைநடுங்கச் சண்டையிட மாட்டேன். அதை வாளால் கொல்ல முடியாது, தள்ளித்தள்ளிக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் விழச்செய்ய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தும் ஒருநாள் மேலம்புப் பொத்தானை ஒரு கணம் முன்னதாகவே அழுத்தித் தடுக்கத் தவறுகிறேன், மறுநாள் ஒரு கணம் தாமதமாகிறது. எனக்குத் தெரிந்ததும் என் விரலுக்குத் தெரிந்ததும் ஒவ்வொரு இரவும் வேறாக இருக்கிறது. பழைய ஃபிளாப்பி ஐயா சொன்ன தட்டச்சுப் பயிலகம் எனக்கு மிகவும் பொருந்துகிறது.

ஃபாராவின் வில் அவர்களுக்கு ஒன்று. மூன்றாம் பாகம் முடிந்ததும் நான் 1989க்குப் போவதற்குக் காரணம், இரண்டாவது விளையாட்டு எனக்குத் தந்த ஏமாற்றம்தான் என்று உங்கள் பதிலைப் படித்த பிறகு தோன்றுகிறது. ‘தி ஷேடோ அண்ட் தி ஃபிளேம்’ எழுபத்தைந்து நிமிடக் கெடுவோடு, அரண்மனைக் கூரை, கப்பல், குகை, இடிந்த கோயில் என்று எங்கெல்லாமோ அழைத்துக்கொண்டு போய், கடைசியில் படிகக் கோளத்தில் இளவரசனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவியைக் காட்டிவிட்டு முடிந்துவிடுகிறது. அவள் யார் என்று பின்னால் வந்த எந்த விளையாட்டும் சொல்லவில்லை. முதலாவதில் அப்படிப்பட்ட நூல் எதுவும் தொங்கிக்கொண்டிருக்காது. அறுபது நிமிடம் தொடங்குகிறது, அறுபது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இதற்கு மேல் என் கேள்வி நடைமுறை சார்ந்தது. எனக்கு இதை விட்டுவிட மனமில்லை, ஆனால் இதே சுற்றில் இப்படியே ஓடிக்கொண்டிருக்கவும் விருப்பமில்லை. இதே கைப்பழக்கத்தை வைத்துக்கொண்டு, தெரியாத இடத்துக்குப் போக ஏதாவது வழி இருக்கிறதா?

பதில் – கட்டற்ற காவலன்

தாராளமாக இருக்கிறது. பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் வழியாக நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதை விட்டுவிட்டு எஸ்டிஎல்பாப் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவுங்கள். இது டாஸ் பதிப்பின் நிரலைப் பிரித்தாய்ந்து, இன்றைய விண்டோஸிலும் லினக்ஸிலும் நேரடியாக ஓடும்படி ஆர்வலர்கள் மீண்டும் எழுதியது; குதிப்பின் நீளமும் வாள்வீச்சின் வேகமும் மூலத்தில் இருந்தபடியே இருக்கும் என்பதால் உங்கள் விரல்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. நடுவழியில் சேமிக்க எஃப்6, அந்த இடத்துக்குத் திரும்ப எஃப்9. நீங்கள் ஆடும் ஆட்டத்தைப் பதிவு செய்துகொள்ளும் வசதியும் உண்டு. வீடியோவாக அல்ல, அழுத்திய பொத்தான்களின் பதிவாகவே அது சேமிக்கப்படுவதால் கோப்பு மிகச் சிறியது. மூன்றாவது லெவலை இருவேறு நாட்களில் பதிந்து ஒப்பிட்டுப் பாருங்கள், நேரம் எங்கே கசிகிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். என்னைப் பொறுத்தவரை, எந்த நடைக்கூடத்தில் காரணமில்லாமல் நின்றுவிடுகிறேன் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். வெட்டுக்கத்திகள் மேலும் கீழும் கடித்துக்கொள்ளும் இடங்களில் எல்லாம் ஒரு கடி அதிகமாகவே காத்திருக்கும் பழக்கம் எனக்கு இருந்தது.

உங்களுக்கு வேண்டிய ‘தெரியாத இடம்’ ரசிகர்கள் உருவாக்கிய லெவல்களில் இருக்கிறது. பல ஆண்டுகளாக இதற்கென்றே ஒரு கூட்டம் இயங்கிவருகிறது. பன்னிரண்டு லெவல்களையும் அடியோடு மாற்றி அமைத்த தொகுப்புகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன, எஸ்டிஎல்பாப் அவற்றையும் ஏற்றுக்கொள்ளும். அதே காவலர்கள், அதே முள்கள், குப்பியில் சிவப்புக் குமிழி வந்தால் மருந்து, நீலக் குமிழி வந்தால் நஞ்சு என்ற அதே விதிகள். ஆனால் அடுத்த திரையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சிலவற்றைச் சும்மா சொல்லக்கூடாது, ஈவிரக்கமே இல்லாமல் கட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் ஆடிப் பார்த்த பிறகு அபோபிளெக்சி என்ற லெவல் வரையும் மென்பொருளை எடுத்துக்கொண்டு நீங்களே ஒன்றைக் கட்டிப்பாருங்கள். ஆடும் தளக்கல்லையும் கதவைத் திறக்கும் கல்லையும் எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினால், மெக்னரின் நான்காவது லெவலை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

நிழல் உருவத்தைப் பற்றி மேலே ஒருவர் அழகாக எழுதியிருந்தார். அது பிறந்த கதையும் இந்த இடத்தில் தெரிந்திருக்க வேண்டியதுதான். முதலில் மெக்னர் சண்டையே இல்லாத விளையாட்டாகத்தான் இதை நினைத்திருந்தார். எதிரி வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர் உடன் பணியாற்றிய டோமி பியர்ஸ். ஆனால் இளவரசனின் அசைவுகளே ஆப்பிள் II கணினியின் நினைவகத்தை நிரப்பியிருந்ததால் இன்னோர் உருவத்தை வரைய இடமில்லை. ஏற்கெனவே இருக்கும் இளவரசன் படத்தையே சற்று நகர்த்தி அதன்மீதே வைத்து எக்ஸ்-ஆர் (இரண்டும் ஒத்துப்போகும் புள்ளிகளை அழித்து, வேறுபடுபவற்றை மட்டும் விடும் கணக்கு) செய்தால், மினுமினுக்கும் வெளிக்கோடாக ஓர் ஆவியுருவம் தோன்றியது. அதற்கு நினைவகத்தில் கூடுதல் செலவே இல்லை. இந்த விளையாட்டின் மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே வெகுகாலம் கருதப்பட்டு, 2012இல் மெக்னரின் தந்தை அனுப்பிய பழைய பெட்டியில் மூன்றரை அங்குல வட்டுகளாகக் கிடைத்தது. அதைப் படித்தெடுத்துப் பொதுவெளியில் வைத்திருக்கிறார்கள். அசெம்ப்ளி மொழியில் பழக்கம் இருந்தால் நிழல் வரையப்படும் இடத்தைத் தேடிப் பாருங்கள், ஓர் இரவு போவதே தெரியாது. செவிலியர் அவர்கள் மன்னிக்க வேண்டும்.

முப்பரிமாணத்திலும் புதிதாக ஏதாவது வேண்டும் என்று கேட்பீர்களானால், என்னிடம் நல்ல செய்தி இல்லை. ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ மறு உருவாக்கத்தை 2020இல் யூபிசாஃப்ட் அறிவித்து, புனே, மும்பை ஸ்டுடியோக்களிடம் கொடுத்து, 2022இல் மாண்ட்ரியாலுக்கு மாற்றி, கடைசியில் 2026 சனவரியில் கைவிட்டுவிட்டது. நானும் அறிவித்த நாளிலிருந்து காத்திருந்து அலுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, 2024 சனவரியில் வந்த ‘தி லாஸ்ட் கிரவுன்’ விளையாட்டை முயன்று பாருங்கள். நாயகன் இளவரசன் அல்ல, சர்கோன் என்ற வீரன். பார்வையும் பக்கவாட்டுப் பார்வைதான். முள்ளுக்கும் சுழலும் கத்திக்கும் நடுவே ஓடிப் பழகிய கை அதில் வீண்போகாது.

பதில் – மணற்குறுவாள்

எஸ்டிஎல்பாப் நிறுவிவிட்டேன், ரசிகர்களின் தொகுப்பு ஒன்றையும் ஏற்றிப் பார்த்தேன். முதல் லெவலில் வாள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றது எனக்கே வேடிக்கையாக இருந்தது. பதினொரு மணிக்குள் அணைத்தும்விட்டேன். ஒரு சந்தேகம்: அமைப்புக் கோப்பில் தொடக்க நிமிடங்களை மாற்றும் வரி ஒன்று இருக்கிறதே, மூல விளையாட்டை ஆடும்போது அதில் அறுபதுக்குப் பதிலாக நாற்பது என்று வைக்கலாமா?

பதில் – பழைய ஃபிளாப்பி

வைக்கலாம், ஆனால் நாற்பதில் தொடங்காதீர்கள். அரைமணிக்குச் சற்று அதிகமாக ஆகிறது என்றீர்கள். நாற்பது உங்களுக்கு ஒரு நெருக்கடியே அல்ல. ஆனால் ஒரே அடியாக முப்பதுக்கு இறங்கினால் ஆறாவது லெவலின் தடித்த காவலனிடம் பதற்றத்தில் உயிரை விடுவீர்கள். முப்பத்தைந்து வையுங்கள். அதோடு, பிழைதிருத்தங்களும் மேம்பாடுகளும் என்றொரு பகுதி அதே கோப்பில் இருக்கும், அதை அணைத்து வைத்துவிடுங்கள். மூல விளையாட்டில் இருந்த சில கோளாறுகளையும் நம் விரல்கள் கணக்கில் எடுத்துக்கொண்டேதான் பழகியிருக்கின்றன.

பதில் – கட்டற்ற காவலன்

இதில் மட்டும் ஐயாவோடு உடன்படமாட்டேன். எல்லாவற்றையும் அணைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியே இயக்கவும் நிறுத்தவும் அந்தக் கோப்பில் வழி இருக்கிறது. உங்கள் ஓட்டத்தை மாற்றாதவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துங்கள். ரசிகர்களின் தொகுப்புகளை ஆடும்போது, அந்தந்தத் தொகுப்போடு வரும் குறிப்பில் எவை தேவை என்று எழுதியிருந்தால் அதன்படி வைத்துக்கொள்ளுங்கள்.